'வெக்கை': ஒரு பையனின் நாவல்

இளையோர் நாவல் என்று ஆங்கிலத்தில் ஒரு தனி அலமாரி உண்டு. சாதாரணப் பையனோ பெண்ணோ அசாதாரணமான ஒன்றில் மாட்டிக்கொள்வதுதான் அதன் பிரதான விஷயம். தமிழில் அந்த அலமாரி கிடையாது. அதனாலேயே புத்தகமும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். பூமணியின் 'வெக்கை' (1982) இந்த நினைப்புக்கு மறுப்பு.

பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் துண்டிக்க நினைக்கிறான், ஆள் செத்துப்போகிறான். தகப்பனும் மகனும் காடு மேடென்று ஒளிந்து திரிகிறார்கள்; கடைசியில் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். இதைக் கரிசல் இலக்கியம் என்றோம். தலித் நாவல் என்றோம். அந்த முத்திரையைப் பூமணி ஏற்கவில்லை. 2019க்குப் பிறகு 'அசுரன்' படத்தின் மூலக்கதை என்கிறோம். பையனின் நாவல் என்று மட்டும் சொல்லவில்லை. படம் கதையை அவனிடமிருந்து வாங்கித் தகப்பனிடம் கொடுத்தது. விமர்சகர்களாகிய நாம் அதற்கு வெகு முன்பே அதைச் சமூகத்திடம் ஒப்படைத்திருந்தோம்.

எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) அந்த ஆங்கில அலமாரியின் ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று. அங்கும் ஒரு கொலை, அங்கும் இரண்டு பேர் ஒளிகிறார்கள். இருவருமே பையன்கள். கதை சொல்லும் போனிபாயின் பெற்றோர் விபத்தில் இறந்துவிட்டவர்கள். பெரியவர்களை அப்புறப்படுத்தினால்தான் அங்கே பையன் நாயகனாக முடிகிறது. நடந்ததைப் பள்ளிக் கட்டுரையாக அவன் எழுதத் தொடங்குவதோடு நாவல் முடிகிறது. அனுபவம் அவனை வளர்த்துவிட்டது என்று அர்த்தம்.

பூமணி தகப்பனைக் கூடவே நடக்க வைக்கிறார். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். கொலை சிதம்பரத்தைப் பெரியவனாக்குவதில்லை. அவன் பையனாகவே இருக்கிறான். அசாதாரணம் எங்கிருந்தோ வந்து இறங்கியதும் அல்ல. நிலத் தகராறாக அது அவன் வீட்டு வாசலிலேயே இருந்தது.

இந்த நாவலைப் பெரியவர்களின் உடைமையாக வைத்திருந்ததில் நானும் பங்காளி. கொல்லிமலையில், செம்மேட்டில் வங்கி வேலை எனக்கு. பாஸ்புக் பதிய வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேஜைமேல் இருக்கும் புத்தகங்களைப் புரட்டுவான். 'வெக்கை'யைக் கொடுக்க மூன்று மாதம் தயங்கினேன். கொலையில் தொடங்கும் புத்தகத்தை ஒரு பையனிடம் எப்படிக் கொடுப்பது? பிறகு கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தான். பிடித்ததா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

"கை மட்டும் போயிருந்தா, அவன் ஊர்லயே இருந்திருப்பானா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாவலைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைக் கேட்டதில்லை. இவ்வளவுக்கு இவ்வளவு என்று நியாயத்தை அளந்து கொடுத்துவிட முடியும் என்று நம்புகிற வயசின் கேள்வி அது. அந்த அளவு கைதவறிப்போன இடத்தில்தான் பூமணி நாவலைத் தொடங்குகிறார்.