நீலிக்கண்ணீர் யாருடைய கண்ணீர்?

போன வருஷம் மழைக்காலத்தில் குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். காவலூர் தொலைநோக்கியைப் பார்ப்பதுதான் திட்டம். மேகம் விடவில்லை. ஜமுனாமரத்தூர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மகள் படித்து முடித்திருந்த நாவலை வாங்கிப் படித்தேன். ஷியா எர்ன்ஷா எழுதிய 'தி விக்கெட் டீப்' (2018).

அமெரிக்காவில் ஓரிகன் கரையில் ஸ்பாரோ என்று ஒரு கற்பனை ஊர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மூன்று சகோதரிகளைச் சூனியக்காரிகள் என்று சொல்லி, காலில் கல்லைக் கட்டிக் கடலில் மூழ்கடித்தது ஊர். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அவர்கள் ஊர்ப் பெண்களின் உடம்பில் புகுந்து, பையன்களைக் கடலுக்குள் இழுத்துக் கொல்கிறார்கள். ஊர் அதையே திருவிழாவாக்கிக் காசு பார்க்கிறது. நாவலின் பலமான இடம் இதுதான். பலவீனம் முடிவில். காதலும் ஒரு தியாகமும் சேர்ந்து சாபத்தைத் தீர்த்துவிடுகின்றன. கொன்ற ஊர் எந்தக் கணக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"நம்ம ஊர்ல இப்படிக் கதை இல்லையாப்பா?" என்றாள் மகள். இருக்கிறதே, பழையனூர் நீலி!

திருவாலங்காட்டுப் பக்கம் நடந்த கதை. பல வடிவங்கள் உண்டு. பொதுவான சாரம் இது. கணவன் மனைவியைக் காட்டில் கொல்கிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னோட வரமாட்டேங்கிறார்" என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் சாகிறான். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தேவாரத்தில் இதற்குக் குறிப்பு உண்டு. அங்கேயும் அவள் வஞ்சகிதான். ஊர் நினைவில் நின்றது எழுபது பேரின் வாய்மை. அவளுக்கு மிஞ்சியது ஒரு சொல்: நீலிக்கண்ணீர்.

குழந்தை பொய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இவர் என் புருஷன்' என்பது முற்பிறவிக் கணக்கில் உண்மை. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் கடைசி எர்ரரை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் திட்டு விழும். முதலில் எது உடைந்தது என்று தேடணும். நீலி கதையில் முதல் கொலை வெறும் முன்கதை. தீர்ப்பு முழுக்க இரண்டாம் கொலைக்கு.

திரும்பும்போது போளூர் தாண்டித் திருமலை சமணக் கோயிலுக்குப் போனோம். நீலிக்கு வாய் கொடுத்தவர்கள் சமணர்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், முனிவரைப் பயமுறுத்த வரும் பழையனூர் நீலி தோற்று, அவரிடமே அறம் கேட்டு, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என்று ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள். 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த நூல். பேயை வாதியாக்கிய அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அத்தனை வாதச் சருக்கங்களில் அவளுடைய சொந்தக் கொலை வழக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சமய வழக்கு.

ஸ்பாரோ ஊரைக் குறை சொன்ன எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. மகளிடம் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த முதல் ஜென்மத்துல அவ பேர் என்னப்பா?"

எனக்குச் சட்டென்று வரவில்லை. நீலி என்ற பேய்ப் பெயர் மட்டும்தான் மனதில் இருந்தது.