வேஃபேரர்: கரையோரம் போகக் கட்டிய படகு

ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963-இல் கூரையும் அறையும் இல்லாத 4.82 மீட்டர் பாய்மரப் படகில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு நார்வே. இரண்டாவது பயணத்தில் புயலில் படகு பலமுறை கவிழ்ந்து, பாய்மரமும் முறிந்தது. முறிந்த மரத்தையே ஒருவிதமாகக் கட்டி நிறுத்தி, டையும் உடன் சென்றவரும் கரையைப் பிடித்தார்கள். டபிள்யூ 48 என்ற எண் கொண்ட அந்த 'வாண்டரர்' என்ற வேஃபேரர் வகைப் படகு இப்போது கார்ன்வாலின் ஃபால்மத் நகரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய வேஃபேரர் ஒன்றை விற்க வருகிறவர் எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். காதில் வாங்கிக்கொள்ளலாம், விலையில் சேர்க்க வேண்டாம். நார்வே கடலில் டையைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அவருடைய கைக்கும் பிடிவாதத்துக்கும் உரியது. இந்தப் படகு கெட்டிக்காரத்தனம் காட்டுகிற இடம் வேறு. கரையை விட்டு அதிக தூரம் போகாமல், காற்று ஏறும் முன்பே ஒரு கழிமுகத்துக்குள் நுழைந்து, சேற்றில் அமர்ந்து, மறுநாள் மிதந்து கிளம்புகிற பயணத்தில்தான் அதன் அருமை தெரியும்.

வடிவமைத்தவர் இயான் பிராக்டர், ஆண்டு 1957. சிறு படகுகளுக்கு அலுமினியப் பாய்மரத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். பிளைவுட்டில் தொடங்கி, பிறகு கண்ணாடியிழைக்கு மாறி, இதுவரை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இறங்கியிருக்கின்றன. அகலம் 1.85 மீட்டர், வெறும் உடலின் எடை 169 கிலோ, பெரிய பாய் ஏறத்தாழ 8.8 சதுர மீட்டர். நான் ஓட்டியது நண்பருடைய பழைய கண்ணாடியிழைப் படகு, 'மார்க் 2' வகை. இங்கிலாந்தின் தென்கரையில் சிசெஸ்டர் துறைமுகத்திலிருந்து சோலண்ட் நீரிணை வழியாகப் பூல், அங்கிருந்து வேமத் வரை இருவருமாகப் போனோம்.

முதலில் பாய்மரத்தைச் சொல்ல வேண்டும். மரத்தின் அடி ஒரு தாங்கிக்குள் ஊசி கோத்து நிற்கிறது. அணியத்துக்குப் போகும் முன்கயிற்றைத் தளர்த்தினால் மரம் அப்படியே பின்னால் சாய்ந்து படுத்துவிடும். தாழ்ந்த பாலத்துக்கு அடியில் போகலாம் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, நங்கூரம் போட்ட இரவில் மரத்தைச் சாய்த்துவிட்டால் காற்று பிடிக்க மேலே எதுவும் இல்லாமல் படகு ஆட்டம் குறைந்து கிடப்பது. இந்த அளவுப் படகுகள் பலவற்றில் மரத்தைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அலையில் நின்று அதைச் செய்து பார்த்தவர்களுக்கு இந்த ஊசியின் மதிப்பு தெரியும்.

அடுத்தது பாயைச் சுருக்குவது. பழைய படகுகளில், பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கழியான பூமை உருட்டிப் பாயை அதன்மேல் சுற்றும் முறை உண்டு. கேட்க எளிது, சுற்றிய பாய் தொய்ந்து பை போலாகிவிடும், காற்றுக்கு எதிரே ஏற மறுக்கும். நண்பர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாயில் இரண்டு வரிசை வளையம் தைத்து, கயிறு இழுத்துப் பாயைக் கீழிறக்கி மடித்துக் கட்டும் ரீஃப் முறையைப் பொருத்தியிருந்தார். பியூஃபோர்ட் அளவில் நான்காம் நிலைக் காற்று, அதாவது 11 முதல் 16 நாட் வேகம், நிலைத்து வீசினால் சாமான் ஏற்றிய படகுக்கு ஒரு மடிப்பு வேண்டும். ஐந்துக்கு இரண்டு. அதற்கு மேல் கரைதான்.

கடலில் ரீஃப் போடும்போதுதான் பிராக்டர் வரைந்த உடலின் நல்ல குணம் வெளிப்படுகிறது. ஜிப் என்ற முன்பாயைக் காற்று வரும் பக்கமாகச் சற்றே இழுத்துக் கட்டி, பெரிய பாயைத் தளரவிட்டு, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டினால் படகு முன்னும் போகாமல் திரும்பவும் செய்யாமல், மெல்லப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டு நிற்கிறது. அதுவரை முகத்தில் அறைந்துகொண்டிருந்த நீர் நின்றுபோகும். ரீஃப் போடலாம், வரைபடம் பார்க்கலாம், ஃபிளாஸ்க்கைத் திறக்கலாம். வாளியைப் பயன்படுத்த வேண்டிய அவசரத்துக்கும் இதுவே வசதி. விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. எட்டு மணி நேரம் திறந்த படகில் உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல காற்றில் ஐந்து நாட், நாள் முழுக்கச் சராசரி பார்த்தால் மூன்று, நான்கு. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, ஓதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சிசெஸ்டர் வாயிலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது சுமார் நான்கு மீட்டர். அத்தனை நீரும் சில மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த சில மணி நேரத்தில் வெளியே போகிறது. சோலண்டின் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் இடுக்கில் நீரோட்டம் நான்கு நாட்டைத் தாண்டும். எதிர்த்துப் போனால் பாய் புடைத்திருக்க, அணியத்தில் நுரை பறக்க, கரையிலிருக்கும் கோட்டை மட்டும் நம்மை முந்திப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே இங்கே எஞ்சின் என்பது ஓத அட்டவணை. நீர் மேற்கே இறங்கும் நேரத்தில் கிளம்பினால் ஹர்ஸ்ட் தானாகவே படகைத் துப்பிவிடும். சிக்கல் என்னவென்றால் இந்தக் கரையில் அடிக்கடி வீசுவது தென்மேற்குக் காற்று. இறங்கும் நீரும் எதிர்க்காற்றும் மோதினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். பெரிய படகுக்கு அது குலுக்கல்; வேஃபேரருக்கு ஒவ்வோர் அலையும் மடிமேல். அகன்ற அணியம் அலையைப் பிளப்பதை விட்டு அதன்மேல் அறைகிறது. எதிர்க்காற்றில் இது ஈரமான படகு, அதில் சந்தேகமே வேண்டாம். நாங்கள் ஹர்ஸ்ட் கூழாங்கல் திட்டுக்குப் பின்னால் கீஹேவனில் ஒதுங்கிக் காற்று தணியும்வரை காத்திருந்தோம். படகுக்கு அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் 20 சென்டிமீட்டர் நீர் போதும் என்பதால், எஞ்சின் வைத்த யாட்டுகள் எட்டிப் பார்க்காத ஓடைகளெல்லாம் நமக்குத் துறைமுகம்.

சோலண்டைக் கடப்பவர்கள் ஒரு விதியையும் மனதில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட பகுதியில் 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலுக்கு முன்னால் ஆயிரம் மீட்டர், இருபக்கமும் நூறு மீட்டர் தூரத்துக்குள் சிறு படகு நுழையக் கூடாது. சவுத்தாம்ப்டனுக்கு வரும் சரக்குக் கப்பல் திரும்பும் வளைவு தெரியாமல் குறுக்கே போவது, நெடுஞ்சாலையில் மாட்டு வண்டியை நிறுத்துவதற்குச் சமம்.

இரவுத் தங்கலுக்கு வைட் தீவின் நியூடவுன் ஓடையைப் போல் பொருத்தமான இடம் குறைவு. நீர் வடிந்ததும் படகு சேற்றில் ஆடாமல் அமர்கிறது. பூமுக்கு மேலே கூடாரத் துணியைப் போட்டு, அடித்தளப் பலகைகளின்மேல் பாய் விரித்தால் இரண்டு பேருக்குப் படுக்கை. வசதி என்று சொல்லமாட்டேன். நடுப்பலகைப் பெட்டி இருவருக்கும் நடுவில் சுவர்போல நிற்கிறது. குறுக்குப் பலகைக்கு அடியில் உடலை நுழைத்துப் படுத்தால் திரும்பிப் படுக்க முதலில் யோசிக்க வேண்டும். காலையில் கூடாரத்தின் உட்புறம் முழுக்க மூச்சுக்காற்றின் ஈரம் சொட்டும். ஆனாலும் இதே நீளத்துப் பந்தயப் படகில் உட்காரவே இடமிருக்காது என்பதை நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

கூழாங்கல் கரையில் ஏற்றினால் ஒரு தொல்லை. கல் நடுப்பலகைப் பெட்டிக்குள் சிக்கி, மறுநாள் ஆழத்துக்கு வந்த பிறகு பலகை இறங்காது. பலகை இல்லாமல் படகு காற்றோடு நண்டுபோல் பக்கவாட்டில் போகும். பலகையின் மேல்முனையில் ஒரு கயிறு கட்டி, உள்ளிருந்தே இழுத்து இறக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. மணல் கரையில் காற்றடைத்த உருளைகள் இரண்டு போதும், இருவர் உருட்டி ஏற்றலாம். சாமானை இறக்காமல் முயற்சி செய்தால் முதுகு கணக்குக் கேட்கும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும்? பூல் துறைமுகத்துக்குள் ஆழமற்ற, அமைதியான நீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தோம். முன்னும் பின்னும் உள்ள காற்றறைகள் படகைத் தாங்குகின்றன. நடுப்பலகைமேல் ஏறி நின்றால் நிமிர்ந்தும் விடுகிறது. நிமிர்ந்த படகோ விளிம்புவரை நீர். வாளியால் இறைத்து முடிக்கும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது. இதையே வேமத் போகும் வழியிலுள்ள செயின்ட் ஆல்பன் முனையின் கொந்தளிப்பில் செய்ய வேண்டிவந்தால் என்று நினைத்துப் பாருங்கள். ஆங்கிலக் கால்வாயில் கோடையிலும் நீர் 16, 17 டிகிரிதான். நீர் புகாத உடுப்பு, உடம்போடு கட்டிய கைவானொலி, பாய்மர உச்சியில் படகு முழுதாகத் தலைகீழாகாமல் தடுக்கும் மிதவை, இந்த மூன்றும் இல்லாமல் திறந்த கரையில் இறங்கக் கூடாது. வானொலி படகில் கிடந்தால், நீங்கள் படகைவிட்டு விலகிய நொடியில் அது உங்களுக்கு இல்லை.

துடுப்பு பற்றி ஒரே வரி: காற்று செத்தால் ஓடைக்குள் போகப் போதும், ஓதத்தை எதிர்க்கப் போதாது. பின்பலகையில் இரண்டு குதிரைத்திறன் அவுட்போர்டு மாட்டலாம். அதன் எடை மொத்தமும் பின்னால் தொங்குவதால் நாங்கள் எடுத்துப் போகவில்லை.

பிற்கால 'வேர்ல்டு', 2007-இல் ஃபில் மாரிசன் திருத்தி வரைந்த 'மார்க் 4' போன்றவற்றில் நீர் தானாக வடியும் இரட்டைத் தளம் உண்டு. கவிழ்ந்து எழுந்தால் வாளி வேலை பெருமளவு மிச்சம். அடிக்கடி பந்தயத்துக்கும் போகிறவர் அதையே வாங்கட்டும். படகில் படுத்துறங்கிக் கரையோரம் போக மட்டும் என்றால் ஆழமான உட்புறம் கொண்ட பழைய படகே எனக்குப் பிடிக்கிறது. காற்றிலிருந்து ஒளிந்து உட்கார அதில் இடம் அதிகம். வாங்கப் போகும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். காற்றறை மூடிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா, பாய்மரத் தாங்கியின் துளை தேய்ந்து ஊசி ஆடுகிறதா, பக்கக் கயிறுகள் கோக்கும் தகடுகளைச் சுற்றி விரிசல் ஓடுகிறதா, கவிழ்ந்தால் சுக்கான் கழன்று விழாதபடி பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பாயில் ஒரே ஒரு ரீஃப் வரிசைதான் இருந்தால், படகைக் கடலில் இறக்கும் முன் பாய் தைப்பவரிடம் கொடுத்து இரண்டாவதைப் போட்டு வாங்கிவிடுங்கள்.