சாய்ந்து நிமிரும் அழகு

வட்டக்கானலுக்கு வருகிறவர்கள் டால்பின் மூக்குப் பாறையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்குப் பிடித்த காட்சி சில கிலோமீட்டர் தள்ளி, 1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில் இருக்கிறது. அங்கே முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்ததாம்.

ஆள் ஏறும் கணத்தில் படகு சாய்ந்து நிமிர்வதைக் கவனியுங்கள். கால் வைத்த பக்கம் தாழ்கிறது. அந்தப் பக்கம் நீருக்குள் அமிழ்ந்த பகுதி கூட, நீரின் உந்துதலும் அங்கே நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. எல்லாரும் எழுந்து நின்றால் எடை மையம் மேலேறும். நிமிர்த்தும் விசை குறையும். எடை மையம் எதுவரை ஏறலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை ‘மெட்டாசென்டர்’ என்று 1746-இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே.

கப்பல் கட்டி முடிந்ததும் சாய்வுச் சோதனை நடக்கும். தெரிந்த எடையொன்றைத் தளத்தின் குறுக்கே நகர்த்தி, உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே குண்டு, ஆயிரக்கணக்கான டன் கப்பலின் எடை மையத்தைச் சொல்லிவிடும். எவ்வளவு சிக்கனமான கணக்கு!

நிமிரும் விசை மிகுந்த கப்பல் வெடுக்வெடுக்கென்று ஆடி வயிற்றைப் புரட்டும். விசை குறைந்தது தாலாட்டுவதுபோல் மெதுவாக ஆடும். பயணிக்குச் சுகமான அந்த ஆட்டத்தைத்தான் பொறியாளர் சந்தேகிப்பார்.

1628-இல் சுவீடனின் ‘வாசா’ போர்க்கப்பல் புறப்படுமுன் 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் கவிழ்வதுபோல் ஆடியதும் சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. முதல் பயணத்திலேயே காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் குவிந்ததாக உடனே காரணம் சொல்லப்பட்டது. காட்டு ஏரியில் மக்கள் வேறென்ன செய்வார்கள்? விபத்தை ஆராயும் பொறியாளர் அந்தப் பதிலோடு எழுந்துவிட மாட்டார். குவிந்தபோது படகு ஏன் தாங்கவில்லை, மேல்தளத்தில் எவ்வளவு எடை, சாய்வுச் சோதனை என்ன காட்டியது என்று கேட்டுக்கொண்டே போவார்.

நல்ல வடிவமைப்பாளர் இந்தக் கேள்விகளையெல்லாம் காகிதத்தில் கோடு இழுக்கும்போதே கேட்டுவிடுகிறார். யானையைக் கண்டதும் எழுந்து ஓடுகிற மனிதரையும் கணக்கில் சேர்த்து வரைந்த படகே எனக்கு அழகான படகு.