அகத்திணையில் இளையோர் உளநோயும் உசாவும் செவியும்

சங்க அகப்பாடல்களைக் கற்போர் 'நோய்' என்னும் சொல்லை அடிக்கடி எதிர்ப்படுவர். அந்நோய்க்கு உரியோர் பெரும்பாலும் இளையோரே. பசலை, உடல் மெலிவு, உறக்கமின்மை, உணவின்பால் வெறுப்பு, தனிமையில் புலம்பல் என அதன் புறக்குறிகள் பலவாகும். அவற்றை அகமரபின் வாய்பாடுகள் என்று பெயரிட்டு அப்பாற் செல்வதே திறனாய்வாளர் பலரின் வழக்கமாக உள்ளது. அவ்வளவில் அமைதல் போதாது என்பது எம் கருத்து. நோயைக் கூறும் புலவர்கள், அதனைச் சுற்றத்தார் எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு உணரத் தவறினர் என்பதனையும் உடன் கூறுகின்றனர். அப்பகுதியையே ஈண்டு ஆராய்கின்றோம்.

உள்ளத்து நிகழ்ச்சி உடலில் புலனாதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனை நிலைக்களனாக வகுத்தார். களவியலில் மெலிதல், மறத்தல், மயக்கம், சாக்காடு என நோயின் வளர்ச்சியைப் படிப்படியாக நிறுத்தினார். கவனியாது விடப்பட்ட உளத்துயர் உயிரளவும் செல்லும் என்ற அறிவு இவ்வரிசையில் அடங்கியுள்ளது. ஆயின் மெய்ப்பாட்டைக் காண்பது எளிது. அதன் காரணத்தை உணர்வது அரிது. இவ்விடைவெளியே அகப்பாடல் பலவற்றிற்குக் களமாகின்றது.

சுற்றத்தார் நோயை எதிர்கொள்ளும் முறைகள் மூன்று. முதலாவது, புறத்தே ஒரு காரணம் காணுதல். மகளின் மெலிவைக் கண்ட தாய் முருகு அணங்கியதோ என அஞ்சி வேலனை அழைக்கின்றாள், வெறியாட்டு நிகழ்கின்றது. நற்றிணை 34ஆம் பாடலில் பிரமசாரி என்னும் புலவர், தோழி முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுமாறு அமைத்துள்ளார். இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் அழைக்க வந்த கடவுள், கடவுளேயாயினும் அறியாமை உடையன் என்று அவள் கூறுகின்றாள். அகநானூறு 22ஆம் பாடலில் வெறிபாடிய காமக்கண்ணியார் மற்றொரு காட்சியைத் தருகின்றார். வெறியாட்டு நிகழ்ந்த இரவிலேயே தலைவன் மறைந்து வந்து கூடுகின்றான். நோய் தணிந்த காரணத்தை அறியாத வேலனின் நிலையை எண்ணித் தலைவி நகுகின்றாள். இந்நகை வழிபாட்டின் மேல் எழுந்ததெனச் சிலர் கொள்ளலாம். நோயுற்றவளை ஒரு சொல்லும் கேளாமல் நோயை வரையறுத்த அவசரத்தின் மேல் எழுந்ததென யாம் கொள்கின்றோம்.

இரண்டாவது, இடித்துரைத்தல். இது பெரும்பாலும் இளைஞனுக்கு வாய்ப்பது. பாங்கன் கழறுகின்றான், உன் பெருமைக்கு இது தகுமோ என்கின்றான். குறுந்தொகை 58இல் வெள்ளிவீதியார் படைத்த தலைவன், இடித்துரைக்கும் கேளிர்க்கு மறுமொழி கூறுகின்றான். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமன் ஒருவன் கண்ணால் காத்திருக்கும் நிலையைத் தன் நிலைக்கு உவமை ஆக்குகின்றான். அழிவு கண்முன் நிகழ்கின்றது, தடுக்கக் கையில்லை, பிறரை அழைக்க வாயில்லை. மனவுறுதி இல்லையே எனப் பழிப்பார்க்கு இதனினும் தெளிந்த விடை உண்டோ? ஔவையாரின் குறுந்தொகை 28இல் வரும் தலைவியோ, தன் துயர் அறியாது உறங்கும் ஊரை எவ்வாறு எழுப்புவது எனத் தவிக்கின்றாள். நோயினும் கொடியது அதனை அறிவார் இன்மை என்பதனை இவ்விரு பாடல்களும் உணர்த்துகின்றன.

மூன்றாவது, உசாவிக் கேட்டல். இதற்குச் சிறந்த சான்று கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட இப்பாட்டில் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கின்றாள். அறிந்தோரை வினவியும் தெய்வங்களைப் பரவியும் நோயின் மூலம் காணாது நீயும் வருந்துகின்றாய் என்று தொடங்குகின்றாள். தாயை அவள் பழிக்கவில்லை. தாயின் கலக்கத்தையும் ஒரு துயராகவே மதிக்கின்றாள். அடுத்து, தலைவி உள்ளே மறைத்த துயரைத் தான் வற்புறுத்திக் கேட்டதனைக் கூறுகின்றாள். கேட்கப்பட்ட பின்னரே தலைவி வாய் திறக்கின்றாள். உண்மையை அறிவித்தலால் பழியும் உண்டோ என அவளே வினவும் துணிவு பெறுகின்றாள். பகைகொண்ட இரு பெருவேந்தரிடையே நின்று சந்து செய்யும் சான்றோரைப் போல, இரு பேரச்சத்தோடு தான் நிற்பதாகத் தோழி உரைப்பதும் கருதத்தக்கது. பிறர் துயரைக் கேட்பவர்க்கும் ஒரு சுமை உண்டென்பதைக் கபிலர் மறந்திலர்.

காமநோயையும் இன்றைய இளையோர் உளநோயையும் ஒன்றெனக் கொள்ளலாமோ எனச் சிலர் தடை எழுப்பக்கூடும். கொள்ளலாகாது. தேர்வு, வேலையின்மை, குடும்பப் பூசல், சாதி இழிவு என இன்றைய காரணங்கள் வேறு. மருத்துவர் துணை வேண்டும் நோய்களும் உள. 10 முதல் 19 அகவை வரையுள்ளோருள் எழுவரில் ஒருவர் உளநலக் குறைபாடு உடையவர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காரணம் வேறாயினும் சுற்றத்தார் எதிர்கொள்ளும் முறை பெரிதும் மாறவில்லை. சோம்பல் என்றும், தீய நட்பு என்றும், கைப்பேசி என்றும் கேளாமலே காரணம் கூறுவோர் வேலன் வெறியாட்டையே வேறு உருவில் நிகழ்த்துகின்றனர். அறிவுரையால் அடிப்போர் பாங்கனின் கழறலைத் தொடர்கின்றனர்.

அறத்தொடு நிற்றலுக்குத் தொல்காப்பியர் எளித்தல், ஏத்தல் முதலாக எழுவகை கூறி, உண்மை செப்பும் கிளவியை இறுதியில் வைத்தார். உண்மையைச் சொல்லுதற்கும் பதமும் முறையும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அதனை 'அறம்' என்னும் சொல்லாலேயே நம் முன்னோர் குறித்தனர். இளையோர் துயரைக் கேட்டறிந்து உரியவர்க்கு உணர்த்துதல் வெறும் உதவியன்று, அறம் என்பதே அப்பெயரின் பொருள். அகத்திணையை வகுப்பறையில் துறைவிளக்கமாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம், நம்முன் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு அவ்வறத்தொடு நிற்கின்றோமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.