கொழுகொழு கூப்பர்

கூப்பர் பிளாக் மாதிரி இன்னொரு எழுத்துரு இனிப் பிறக்குமா? சத்தியமாகப் பிறக்காது! கடைப் பலகையோ இசைத்தட்டின் அட்டையோ, எங்கே அது கண்ணில் பட்டாலும் நான் அப்படியே நின்றுவிடுவேன். கூட வந்தவர்கள்தான் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டும்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. ஈசிஜெட் விமானத்தின் உடம்பில் இருப்பது அதுதான். கார்ஃபீல்டு பூனையின் பெயரும் அதில்தான். பீச் பாய்ஸ் குழுவினரின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) அட்டையில் அந்த எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அழகுக்காகவே அந்த இசைத்தட்டை வாங்கலாம். பாட்டும் நன்றாகத்தான் இருக்கும்!

ஆங்கில ‘ஓ’ ஒன்றை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவிலுள்ள வெள்ளைத் துளை நேராக நிற்காமல், சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் சற்றே பின்னால் சரிந்திருக்கும். அந்தச் சரிவில்தான் எழுத்துக்கு உயிரே வருகிறது. எங்கும் கூர்முனை கிடையாது. கோடுகளின் முனையில் நீட்டி நிற்கும் செரிஃப் பாதங்கள்கூட உருண்டைதான். இவ்வளவு தடித்த எழுத்து நம்மை அதட்டாமல் சிரிக்க வைப்பது இதனால்தான். தட்டையான அடிப்பாகம் இல்லாததால், கோர்க்கும்போது ஓர் எழுத்து கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண் கண்டுகொள்ளாது. எழுபதுகளில் டி-ஷர்ட்டில் இஸ்திரிப் பெட்டியால் பெயர் ஒட்டியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைப் படைத்த ஆஸ்வால்டு கூப்பர் சிகாகோவில் எழுத்து வரைந்து பிழைத்தவர். அவ்வூரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் இதை ஈய எழுத்தாக வெளியிட்டது. விளம்பர அச்சகங்கள் அள்ளிக்கொண்டு போயின. பழமைப் பிடிப்புள்ள அச்சாளர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். இதில் எனக்கு மிகப் பிடித்த கதை வேறு. கூப்பர் படித்த பள்ளியில் பாடம் நடத்தியவர் ஃபிரெடெரிக் கௌடி, எழுத்துலகின் பெரிய தலை. சீடனின் எழுத்து விற்ற வேகத்தைப் பார்த்த மோனோடைப் நிறுவனம், அதற்குப் போட்டியாக ஒன்று வரைந்து தரும்படி அந்தக் குருவிடமே போய் நின்றது. 1925இல் ‘கௌடி ஹெவிஃபேஸ்’ வந்தது. இன்றைக்கு அதை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசைப்பட்டு முழுப் பத்தியையும் இதில் அடித்துவிடாதீர்கள், தார் ஊற்றியதுபோல் ஆகிவிடும். இரண்டு மூன்று சொற்கள் போதும். முழுக்கப் பெரிய எழுத்துகளாக வேண்டாம். சின்ன எழுத்துகளில்தான் இதன் குறும்பு முழுதாகத் தெரியும். எழுத்திடைவெளியை ஒட்டும் அளவுக்கு இறுக்குங்கள். இன்னும் ஆசை அடங்காவிட்டால் 1926இல் வந்த இதன் சாய்வெழுத்தைத் தேடிப் பிடியுங்கள். அதன் வால் சுழித்த பெரிய எழுத்துகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது.