ஏழு வாங்கினால் எத்தனை மிஞ்சும்?

கிள்ளானில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாலடி கடல்நீர்த் தொட்டி. போன தீபாவளிக்கு முன் அதில் ஏழு பச்சைக் குரோமிஸ் விட்டார். பொங்கலுக்குப் போனபோது நான்கு இருந்தன. சித்திரையில் இரண்டு. இப்போது ஒன்றே ஒன்று, மூலைப் பாறைக்குப் பட்டா வாங்கியதுபோல் சுற்றி வருகிறது. கடைக்காரர் அன்று சொன்னது இதுதான்: "கூட்டமா வாழுற மீனுண்ணே, அஞ்சு எடுங்க, இல்லன்னா ஏழு. ஒத்தப்படையா இருக்கணும்." கிள்ளானில் மட்டுமல்ல, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் தொட்டி வைத்திருப்பவரும் இதையே சொல்கிறார்.

ஒற்றைப்படைக் கணக்கை உடனே தள்ளிவிடலாம். மொய்க் கவருக்கு அது பொருந்தும். மீனின் நடத்தையில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. "கூட்டமாக வாழும் மீன், ஆகவே கூட்டமாக வாங்கு" என்ற வாதத்தை அப்படித் தள்ள முடியாது. முதல் பாதி உண்மை. பிசகு அந்த "ஆகவே"யில் இருக்கிறது.

மீன் ஏன் கூடுகிறது? உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971இல் எழுதிய கட்டுரை, கூட்டத்தைத் தன்னலத்தின் வடிவமாகக் காட்டியது: ஒவ்வொரு விலங்கும் தனக்கும் வேட்டைமிருகத்துக்கும் நடுவே இன்னொன்றை நிறுத்தப் பார்க்கிறது, அந்த முண்டியடிப்பே மந்தையாகிறது. மீன்கள் ஒன்றுகூட இரை, இனப்பெருக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நெருக்கியடித்து நிற்க வைப்பது பெரும்பாலும் அச்சம். 2005இல் திறந்த அக்குவாரியா கேஎல்சிசியின் சுரங்கப்பாதையில் அண்ணாந்து பார்த்துவிட்டு அதே காட்சியை வீட்டில் எதிர்பார்க்கிறோம். அங்கே தலைக்கு மேல் சுறா நீந்துகிறது. வீட்டில் நீந்துவது ஒரு ஜோடிக் கோமாளி மீன். பயம் போனால் கூட்டம் கலையும், பிறகு எஞ்சுவது யார் பெரியவன் என்ற கேள்விதான்.

குரோமிஸ் விஷயத்தில் இதுவே நடக்கிறது. பவளக் கிளைகளுக்கு மேலே விரிந்த நீரில் தோற்ற மீனுக்கு ஓட இடமுண்டு. நாலடிக் கண்ணாடிக்குள் ஓடினால் மறுபடி அதே எதிரி. ஆனாலும் எல்லாச் சாவையும் சண்டையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. யூரோனிமா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி குரோமிஸை அதிகம் தாக்கும். துடுப்பு கிழிந்து மேல்மூலையில் ஒதுங்கிச் செத்தால் சண்டையைச் சந்தேகிக்கலாம். விலாவில் சிவந்த புண்ணோடு செத்தால் ஒட்டுண்ணியை. நண்பர் வீட்டில் இரண்டும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு: இருபது விட்டால் அடி ஒன்றின் மேலேயே விழாமல் பரவும். ஆயிரம் லிட்டருக்கு மேல் போகும் தொட்டியில் அது நடக்கக்கூடும். நம் தொட்டி அதுவல்ல. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர். பாறை, மணல், மேல்விளிம்பு போக 200 மிஞ்சினால் பெரிது. "சில வெள்ளிதானே, சாவதையும் சேர்த்து வாங்கு" என்பது வாதமே இல்லை. கடைக்கு வரும் குரோமிஸ் பெரும்பாலும் பவளப்பாறையிலிருந்து பிடித்தவை.

கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற பழைய கணக்கு, நீளத்தை எண்ணி உடலை மறக்கிறது. 3 செ.மீ. குஞ்சு 8 செ.மீ. ஆகும்போது எடை ஏறத்தாழ 19 மடங்காகும். தின்பது, கழிப்பது, மூச்சுக்கு இழுப்பது எல்லாம் அதோடு ஏறும். நம் ஊர் வெப்பம் வேறு. 25 பாகையில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று 30 பாகையானால் 6.2தான், சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். தண்ணீரையும் நம்ப முடியாது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் பாதிக்கப்பட்டன. குழாய் வறண்டால் ஆவியான நீரை ஈடுகட்ட வழியில்லை, உப்பு ஏறும். நீர் மாற்றவும் முடியாது. ஆகவே தொட்டியின் கொள்ளளவு என்பது, எல்லாம் ஓடும் நாளில் எத்தனை வாழும் என்பதல்ல. சில்லரும் குழாயும் நின்ற வாரத்தில் எத்தனை பிழைக்கும் என்பது.

இந்தத் தராசில் ஆந்தியாஸ் நாலடித் தொட்டியில் தோற்கிறது. ஓர் ஆணும் பல பெண்களுமாக வாழும் மீன் அது. ஆணை எடுத்துவிட்டால் ஒரு பெண் ஆணாக மாறுவதை லெவ் ஃபிஷெல்சன் 1970இல் காட்டினார். பார்க்க வியப்புதான். ஆனால் நாளுக்கு மூன்று நான்கு முறை இரை போட வேண்டும், அதன் கழிவையும் அந்த 200 லிட்டரே தாங்க வேண்டும். காலையில் ரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்புபவருக்கு அது ஆகாது. பாங்காய் கார்டினல் ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றைத் துரத்திக் கொல்லும். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளை இயற்கை வாழிடமாகக் கொண்ட அது 2007 முதல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் வேறு இருக்கிறது. வளர்ப்பகத்தில் பிறந்த ஜோடி கிடைத்தால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

என் தீர்ப்பு பைஜாமா கார்டினலுக்கு. எண்ணிக்கை ஐந்து. 8 செ.மீ. வளரும், இரவில் இரை தேடும், பகலெல்லாம் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும். சிறு உரசல் உண்டு, உயிர் போகும் சண்டை அரிது. மின்னும் வெள்ளிச் சுழல் கிடைக்காது. சிவந்த கண்ணும் புள்ளி போட்ட பின்பாதியுமாக ஐந்து மீன்கள் சும்மா நிற்பதைத்தான் பார்க்கலாம். அது போதாது என்பவர் குரோமிஸ் ஒன்றே ஒன்று வாங்கட்டும். தனியாக அது நன்றாகவே வாழும்.

நண்பர் போன வாரம் அழைத்தார். "பாவமா இருக்கு, துணைக்கு நாலு வாங்கிப் போடட்டா?" வேண்டாம் என்றேன். அந்த மூலை முழுவதும் இப்போது அதன் ஆட்சி. புதிதாக வரும் நாலும் அதற்குத் துணையாகத் தெரியாது.