மசாலா டீயும் மாற்றுப் பாலும்

மாட்டுப்பால் சேர்க்காமல் வீட்டில் மசாலா டீ போடுகிறவர்கள் நம் நகரங்களில் பெருகி வருகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கன்றுக்குரியதை நாம் எடுப்பதில் மனம் ஒப்பாதவர்கள், மருத்துவர் சொல்லி நிறுத்தியவர்கள் என்று காரணங்கள் பல. ஆனால் அவர்களில் பலருக்கு அந்த டீ பிடிப்பதில்லை. பழி பாதாம் பாலின் மீதோ சோயா பாலின் மீதோ விழுகிறது. என் கணிப்பில் பிழை செய்முறையில் இருக்கிறது. மாட்டுப்பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவதற்கென்றே உருவான முறை அது. அதற்குள் கொதி தாங்காத ஒன்றை ஊற்றிவிட்டுப் பழைய ருசியை எதிர்பார்க்கிறோம்.

"அது மசாலா டீயே இல்லை" என்ற மறுப்பை முதலில் பார்த்துவிடலாம். மசாலா டீக்கு மாறாத மரபு என்று ஒன்று இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலை நிறுவனங்கள் இந்தியர்களுக்கு டீ குடிக்கக் கற்றுக்கொடுத்தபோது, இலையை வெந்நீரில் ஊறவைத்துக் கொஞ்சம் பால் சேர்க்கும் ஆங்கிலேய முறையைத்தான் பரப்பின. தெருவோர வியாபாரிகள் பாலையும் சர்க்கரையையும் கூட்டி, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, விலை கூடிய தேயிலையைக் குறைத்துக்கொண்டார்கள். தூள் விற்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தேயிலையை நசுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் உருவானது. அது பிற்காலத்தில் பரவி, மலிவும் கடுமையுமான குருணைத் தூள் கிடைத்த பிறகே இன்றைய கெட்டி டீ வீடுதோறும் வந்தது. கையில் இருப்பதைக் கொண்டு சமாளித்ததில் பிறந்த பானத்தை இன்னொரு முறை மாற்றுவதில் மரபு மீறல் எதுவும் இல்லை.

எதை இழக்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டீயில் பால் மூன்று வேலை செய்கிறது. பாலின் கேசின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், எவ்வளவு கடுமையாகக் கொதித்த டிக்காஷனும் நாக்கை இழுப்பதில்லை. பால் கொழுப்பு கிராம்பு, ஏலக்காயின் வாசனை எண்ணெய்களைத் தன்னுள் கரைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. மூன்றாவது, காய்ச்சக் காய்ச்ச வரும் அந்தப் பால் மணம். பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குவது அது. ஆவின் பச்சைப் பாக்கெட் பாலில் 4.5 சதவீதம் கொழுப்பும் மூன்று சதவீதத்துக்கு மேல் புரதமும் உண்டு. கடையில் வாங்கும் பாதாம் பாலில் இரண்டும் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். அதே அளவு தூளை அதே நேரம் கொதிக்கவைத்து இதை ஊற்றினால் துவர்ப்பு அப்படியே நிற்கும். கிராம்பும் மிளகும் முதல் வாயிலேயே சுரீரென்று ஏறும். மசாலா கூடிவிட்டது என்று நினைப்போம். பிடித்து நிறுத்தக் கொழுப்பு இல்லாததுதான் காரணம்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் பாதாம் பாலின் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். மேலே கட்டன் சாயா நிறத்தில் தெளிந்த நீர், நடுவில் திட்டுத்திட்டாக ஒரு மங்கல், அடியில் சாம்பல் பூத்த வண்டல். விலையோ மாட்டுப்பாலைப் போலப் பல மடங்கு. பெட்டியின் பின்பக்கத்தில் பாதாமின் பங்கைத் தேடிப் படித்தால் சில சதவீதம்தான் இருக்கும். நகர வீடுகளில் இதற்குக் கிடைத்திருக்கும் மதிப்பு, டீயைப் பொறுத்தவரை, தகுதிக்கு மீறியது என்றே சொல்வேன்.

சோயாவின் கதை வேறு. புரதத்தில் மாட்டுப்பாலுக்கு ஈடு கொடுக்கக்கூடியது இது. துவர்ப்பையும் ஓரளவு அடக்கும். ஆனால் புளிப்பும் சூடும் சேர்ந்தால் திரிந்துவிடும். டோஃபு செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வதை நாம் அறியாமல் செய்துவிடுகிறோம். தேநீரே சற்றுப் புளிப்பானது, இஞ்சிச் சாறும் அப்படியே. அதோடு வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாத்திரத்தின் ஓரத்தில் முதலில் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் தோன்றும், பிறகு மொத்தமும் பிரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் திரியாது என்பது உண்மை. ஆனால் நிறம் கறுத்து, வாயில் சோப்புச் சுவை தட்டும். கடையில் 'பரிஸ்டா' என்று பெயரிட்டு விற்கும் வகைகளில் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் புளிப்பைத் தாங்கவைக்கத்தான். அது சோடாவைவிட நாசூக்காக வேலை செய்கிறது.

ஓட்ஸ் பால் திரிவது அரிது, நாக்கில் நல்ல கனமும் தரும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வில் உருவான இந்தப் பானத்தில் ஓட்ஸின் மாவுச்சத்தை நொதிகளால் உடைக்கிறார்கள். அப்படி உடைவதில் மால்டோஸ் என்னும் சர்க்கரை பிறக்கிறது. பெட்டியில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று இருந்தாலும் பால் இனிப்பது அதனால்தான். சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வீட்டில் ஓட்ஸை ஊறவைத்து அரைத்தால் இந்த நொதி வேலை நடக்காது. அந்தப் பாலை அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் டீ கஞ்சியாகிவிடும்.

இத்தனை சிக்கலுக்கும் விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. திருநெல்வேலி சொதி வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் வேகுவது தேங்காயின் மூன்றாம் பாலில், பிறகு இரண்டாம் பால், கெட்டியான முதல் பால் கடைசியில். அது விழுந்த பிறகு கொதிக்கக் கூடாது. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். பாசிப்பருப்புப் பாயசத்துக்கும் அதே கட்டுப்பாடுதான். தாவரப் பால் டீக்கு வேண்டியது இந்த ஒழுங்கு. மசாலா முழுவதும் தண்ணீரிலேயே வெந்துவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சியும் இரண்டு ஏலக்காயும் சின்னத் துண்டு பட்டையும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். கிராம்பு ஒன்று போதும். தூளைப் போட்டதும் தீயைக் குறைத்து இரண்டு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும், ஏனென்றால் துவர்ப்பை அடக்கக் கேசின் இல்லை. பாலைத் தனியே, கொதி வராமல் சூடாக்கி, அதில் டிக்காஷனை மெல்ல ஊற்ற வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்கும் டீயில் கொட்டுவதுதான் திரிவதற்குக் குறுக்குவழி.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது முந்திரிப் பால். வெந்நீரில் ஊறவைத்த ஒரு கைப்பிடி முந்திரியை வழுவழுப்பாக அரைத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் போதும், வடிகட்டக்கூட வேண்டாம். கொழுப்பு இருப்பதால் ஏலக்காய் வாசனை தங்குகிறது, டீயின் ருசியும் அமுங்குவதில்லை. முந்திரியில் மாவுச்சத்தும் உண்டு. அடுப்பிலேயே விட்டால் குருமாவுக்கு அரைத்துவிட்டதைப் போல இறுகும் என்பதால் இங்கும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் இரண்டாம் பால். ஏலக்காயும் சுக்கும் கருப்பட்டியும் அதனோடு நன்றாகச் சேரும், ஆனால் தேயிலை பின்னுக்குப் போய்விடும். சோம்பு சேர்த்தால் குழம்பு நினைவுதான் வருகிறது.

உடல்நலம் பற்றிய பேச்சில் நிதானம் வேண்டும். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத பெரியவர்கள் உலகில் பெரும்பான்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு கிராம் லாக்டோஸ் வரை சிரமமின்றித் தாங்குகிறார்கள். 100 மில்லி பால் சேர்த்த டீயில் இருப்பது ஐந்து கிராமுக்கும் குறைவு. வயிறு உப்புகிறது என்பதற்காக மட்டும் டீயில் பாலை விட்டவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். அங்கே ஒரு துளியும் கூடாது. நாளுக்கு மூன்று டம்ளர் டீ குடிக்கிறவருக்கு அதிலிருந்தே சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கிடைத்துக்கொண்டிருந்தது. முந்திரிப் பால் அதை ஈடுசெய்யாது. கேழ்வரகும் கீரையும் எள்ளும் தட்டில் கூட வேண்டும். சத்து சேர்த்த பெட்டிப் பாலிலும் சுண்ணாம்பு அடியில் தங்கும், குலுக்காமல் ஊற்றினால் கடைசி டம்ளருக்கே மொத்தமும் போகும்.

மசாலாவின் ருசிதான் வேண்டும் என்றால் பாலுக்கு மாற்றே தேட வேண்டாம். சுக்குமல்லிக் காப்பி, மலபாரின் சுலைமானி, காஷ்மீரின் கஹ்வா எல்லாம் பாலில்லாமலே நிறைவானவை. ஆனால் கெட்டியான டீக்கு ஏங்குகிறவருக்கு இவை பதிலாகாது. அந்தக் கனத்துக்குத்தான் முந்திரியும் சோயாவும். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும்போது மட்டும், இது எந்தப் பாலில் போட்ட டீ என்பதை டம்ளரை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முந்திரியும் சோயாவும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தருபவை, டீயின் நிறத்தைப் பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.